ஆமை வளர்ப்பதா, ஆற்றங்கரையைக் காப்பதா?

என் மச்சானுக்கு மலேசியாவின் பினாங்குத் தீவில், பாலிக் புலாவில் ஒரு டுரியான் தோட்டம் இருக்கிறது. பெரிய தோட்டம் இல்லை. நடுவில் சில ஜாதிக்காய் மரங்கள், ஓரத்தில் வருஷம் முழுக்க ஈரம் வற்றாத ஓர் ஓடை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஈபிஎஃப் பணம் கைக்கு வந்ததும் அவருக்கு ஒரு யோசனை: அழிந்துகொண்டிருக்கிற நில ஆமைகளை அங்கே வளர்த்து, குஞ்சு பொரிக்க வைத்து, காட்டுக்குத் திருப்பி அனுப்புவது. வீட்டுப் பெரியவர்கள் உடனே "ஆமை புகுந்த வீடும் அமீனா நுழைந்த வீடும் உருப்படாது" என்று ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அந்தப் பழமொழியில் நம்பிக்கை இல்லை. ஆனால் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்தால், லைசென்ஸ் இல்லாத ஆமை வீட்டுக்குள் வந்தால் அமீனாவும் பின்னாலேயே வருவார் என்பது மட்டும் நிச்சயம். 2022இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு உச்சபட்ச அபராதம் பத்து லட்சம் ரிங்கிட், சிறை 15 வருஷம் வரை.

அவர் முன்னால் இருக்கிற வழிகள் நாலைந்து தேறும். தோட்டத்திலேயே உள்ளூர் நில ஆமையை வளர்ப்பது ஒன்று. அதே வேலையைச் சின்ன உருவமான நட்சத்திர ஆமையை வைத்துச் செய்வது இன்னொன்று. மிருகக்காட்சிசாலைக்குப் பணம் கொடுக்கலாம். பேராக்கிலோ திரங்கானுவிலோ ஆற்றாமை முட்டைகளைக் காக்கிறவர்களுக்குக் கொடுக்கலாம். சொந்தக்காரர் ஒருவர் இதையெல்லாம் விடச் சுலபமாக ஒன்று சொன்னார்: கடையில் நாலு ஆமை வாங்கிக் கோயில் குளத்தில் விட்டுவிட்டுப் புண்ணியத்தோடு வீட்டுக்கு வருவது. இவற்றை எடைபோட நான் வைத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான். பொரிக்கிற குஞ்சு கடைசியில் எங்கே போய்ச் சேரும்?

வளர்ப்பு வெற்றி பெற்ற இடங்கள் உண்டு, அதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் எஸ்பனோலா என்ற தீவில் மிஞ்சியிருந்த ராட்சத ஆமைகள் வெறும் 14. அதில் 12 பெண், 2 ஆண். 1963க்கும் 1974க்கும் இடையில் எல்லாவற்றையும் பிடித்துப் பக்கத்துத் தீவிலிருந்த வளர்ப்பு நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். சான் டியாகோ மிருகக்காட்சிசாலையிலிருந்து டியேகோ என்ற மூன்றாவது ஆணும் சேர்ந்துகொண்டது. 2020இல் திட்டத்தை மூடியபோது எஸ்பனோலாவில் ஏறக்குறைய 2,000 ஆமைகள் நடமாடிக்கொண்டிருந்தன. பத்திரிகைகளில் டியேகோவுக்குத்தான் கொண்டாட்டம். மரபணுச் சோதனையில் பார்த்தால் குஞ்சுகளில் பாதிக்கு மேல் 'ஈ5' என்று எண் மட்டும் கொண்ட இன்னோர் ஆணுக்குப் பிறந்தவை. அதற்கு யாரும் பேட்டி எடுக்கவில்லை, பாவம்.

மியன்மாரின் நட்சத்திர ஆமைக் கதை நமக்கு இன்னும் பக்கம். காட்டில் அநேகமாகத் தீர்ந்தே போய்விட்டது என்ற நிலையில், 2004இல் சுமார் 175 ஆமைகளை வைத்துக்கொண்டு தொடங்கினார்கள். பெரும்பாலும் கடத்தல்காரர்களிடமிருந்து பறிமுதல் செய்தவை. மூன்று சரணாலயங்களில் வைத்து வளர்த்ததில் 2017 வாக்கில் எண்ணிக்கை 14,000ஐத் தாண்டிவிட்டது. மச்சான் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருப்பது இந்தக் கதையைத்தான்.

ஆனால் இரண்டிலும் வளர்ப்புக்கு வெளியே நடந்ததைக் கவனிக்க வேண்டும். எஸ்பனோலாவில் செடிகொடிகளை மேய்ந்து தீர்த்த ஆடுகளை 1978க்குள் ஒழித்துவிட்டார்கள். அதாவது ஆமையைத் திருப்பி அனுப்பியதோடு நிற்காமல், அதற்கு இடத்தையும் தயார் செய்தார்கள். மியன்மாரில் வளர்ப்புக் கூடமே ஆமையின் சொந்த நிலத்துக்குள், சரணாலயத்துக்குள் இருந்தது. வெளியூர் ஆமை கலக்கவும் வெளியூர் நோய் வரவும் வாய்ப்பு குறைவு. இரண்டு இடத்திலும் ஆமைக்குச் சொந்தக்காரர் அரசு. தனி ஆள் இல்லை.

இப்போது பாலிக் புலாவுக்கு வருவோம். மலேசியத் தீபகற்பத்தில் நில ஆமை என்று சொல்லத்தக்கவை மூன்றே வகை. மலைக்காட்டில் இருக்கும் ஒன்று முக்கியமாகக் காளான் தின்று வாழ்வது. அழகான தேன்நிற ஓடு. பிடித்துவந்து வைத்தால் பெரும்பாலும் சாப்பிடாமல் கிடந்து செத்துவிடும். அதை வளர்க்கிறேன் என்று யாராவது சொன்னால், நான் அவரிடம் பேச்சை மாற்றிவிடுவேன். இரண்டாவது, மஞ்சள் தலையும் நீள ஓடும் கொண்ட ஆமை. வட மாநிலங்களில் மட்டும் கொஞ்சம் இருந்தது. இனப்பெருக்கக் காலத்தில் அதன் மூக்கும் கண்ணோரமும் ரோஸ் நிறமாகும். வளர்ப்பில் நன்றாகவே தாக்குப்பிடிக்கும், ஆனால் ஒரு தடவைக்கு இடுவது சில முட்டைகள்தான். அழியும் உயிரினங்களின் உலகப் பட்டியலில் இது 'மிக ஆபத்தான நிலை' என்ற கட்டத்தில் இருக்கிறது. காட்டில் பூண்டோடு மறைவதற்கு முந்தைய படி அது.

மூன்றாவதுதான் மச்சானின் ஆசை: ஆசிய ராட்சத ஆமை. மலாய்க்காரர்கள் பானிங் என்பார்கள். ஆசியப் பெருநிலத்தில் இதைவிடப் பெரிய நில ஆமை கிடையாது. நம் பக்கத்து வகையே இருபது கிலோவைத் தொடும். மியன்மார், வடகிழக்கு இந்தியா பக்கத்தில் உள்ள கறுப்பு வகை இன்னும் பெரியது. இதுவும் மிக ஆபத்தான நிலையில் இருப்பதுதான். எனக்கும் இந்த ஆமையின் மேல் ஒரு பிரியம் உண்டு, காரணம் அது கூடு கட்டும் விதம். மற்ற ஆமைகள் குழி தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும். இது அப்படியில்லை. பெண் ஆமை பின்பக்கமாக நகர்ந்துகொண்டே சருகுகளைக் காலால் வாரி வாரித் தள்ளிக் குவிக்கும். முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடு எழும். அதன் நடுவில் முட்டை, சில சமயம் நாற்பது ஐம்பது வரை. அப்புறம் மேட்டின் மேலேயே சில நாள் காவல் இருக்கும். உடும்பு வந்தால் உடம்பால் முட்டித் தள்ளும், கடிக்கவும் செய்யும். மக்கும் சருகின் சூட்டிலேயே முட்டைகள் இரண்டு மாதத்துக்குமேல் கிடந்து பொரிக்கும். ஆமைக் குடும்பத்தில் இப்படித் தாய்க்காவல் இருப்பது அபூர்வம்.

இந்த ஆமைக்கு வெயில் ஆகாது. நிழலும் ஈரமும் சருகும் வேண்டும். அந்தக் கணக்கில் பாலிக் புலாவ் தோட்டம் அருமையான இடம், கோலாலம்பூர் தாமான் வீட்டுச் சிமென்ட் முற்றத்தைவிட ஆயிரம் மடங்கு மேல். காய்ந்த இடத்தில், அளவுக்கு மீறித் தீனி போட்டு வளர்த்த குட்டிகளின் ஓடு கூம்பு கூம்பாகப் புடைத்துவிடும். பிறகு அது சரியாவதே இல்லை. தீனியும் செலவில்லை: கங்கோங் கீரை, செம்பருத்தி இலை, விழுந்த பழம், மூங்கில் குருத்து.

செலவு வேறிடத்தில் இருக்கிறது. கம்பிவலை வேலி உதவாது. வலைக்கு அப்பால் தெரிவதை நோக்கி ஆமை நாள் முழுக்க முட்டிக்கொண்டே இருக்கும். இருபது கிலோ ஆமை முட்டினால் வலை நிற்காது, ஆமையின் முகமும் புண்ணாகும். அடியில் காங்கிரீட் போட்டு, கண்ணுக்கு மறைவான சுவராக எழுப்ப வேண்டும். ஆண்கள் சண்டை போடும், பெண்களை ஓயாமல் துரத்தும், ஆகவே தனித்தனித் தடுப்புகள். தோட்டத்தில் புல்லுக்குக் களைக்கொல்லி அடிப்பதை அடியோடு நிறுத்த வேண்டும். ஆமை தின்பது அந்தப் புல்லைத்தான். டுரியான் சீசனில் பழம் விழும் இடத்தில் ஆமை இருந்தால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். மச்சான் சிரித்தார், ஆனால் பதில் சொல்லவில்லை. ஆமையை முறையாகப் பார்க்கத் தெரிந்த மிருக வைத்தியர்கள் தீவில் அதிகம் பேர் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம்கூடப் பணம் இருந்தால் முடியும். என் சந்தேகம் இதற்கு அடுத்த இடத்தில்தான். முதல் ஜோடி எங்கிருந்து வரும்? வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் அனுமதி வாங்கினாலும், விற்கிறவர் 'வளர்ப்பில் பிறந்தது' என்று எழுதிக் கொடுக்கும் காகிதம் எவ்வளவு நம்பகமானது? காட்டில் பிடித்ததை வளர்ப்பில் பிறந்ததாகக் காட்டி விற்பது உலகம் முழுக்க ஊர்வன வியாபாரத்தின் பழைய வேலை. அப்படி வாங்கினால், காப்பாற்ற வந்தவரே காட்டிலிருந்து இரண்டு ஆமையைக் குறைத்ததாக ஆகும். நம் பக்கத்து வகையும் மியன்மார் பக்கத்துக் கறுப்பு வகையும் வளர்ப்பில் எளிதாகக் கலந்துவிடும். கலந்து பிறந்த குஞ்சை எந்தக் காட்டில் விடுவது? எந்தத் துறையும் அதற்குக் கையெழுத்துப் போடாது.

நோய் இன்னொன்று. வெளியே ஆரோக்கியமாகத் தெரியும் ஆமை உள்ளுக்குள் கிருமியைச் சுமந்துகொண்டிருக்கலாம். அமெரிக்காவின் மொஹாவே பாலைவன ஆமைகளைச் சுவாச நோய் தாக்கியபோது, மக்கள் வீட்டில் வளர்த்துச் சலித்துப்போய் விட்டுவிட்ட ஆமைகள் மூலம் அது பரவியிருக்கும் என்ற சந்தேகம் பலமாக எழுந்தது. பினாங்கு மலை 2021இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமானது. அங்கே யாரோ ஒருவர் ஆசையாகக் கொண்டுபோய் விடும் ஒரே ஒரு ஆமை, காட்டில் இருப்பதற்கெல்லாம் நோயைக் கொண்டுபோகலாம்.

காட்டில் விடுவது என்றால் எப்படி நடக்கிறது என்பதற்கு நாகாலாந்து நல்ல உதாரணம். அங்குள்ள விலங்கியல் பூங்கா பல வருஷம் முயன்று இதே ராட்சத ஆமையின் குஞ்சுகளை வளர்த்தது. 2022 டிசம்பரில் அவற்றில் பத்து இளம் ஆமைகளை, கிராம மக்களே காக்கும் ஒரு காட்டில், முதலில் வேலிக்குள் விட்டு இடம் பழக்கினார்கள். கண்காணிக்கக் கருவி, காட்டைக் காக்கக் கிராமம், பரிசோதிக்க வைத்தியர் என எல்லாம் கூடிவந்தபோதும் முதல் தவணையில் போனது பத்துதான்.

திருட்டையும் சொல்லியாக வேண்டும். மடகாஸ்கரில் கலப்பை ஆமை என்று ஒன்று, உலகிலேயே மிக அபூர்வமான நில ஆமைகளில் ஒன்று. அதைக் காப்பதற்கென்றே 1986இல் அம்பிஜோரோவாவில் டரல் என்ற வனவிலங்கு அறக்கட்டளை ஆரம்பித்த வளர்ப்பு நிலையத்துக்குள் 1996இல் திருடர்கள் புகுந்து 75 ஆமைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். 2017 மே மாதம் மடகாஸ்கரிலிருந்து கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.வில் வந்திறங்கிய சரக்கில் சுங்கத்துறை பிடித்த முந்நூற்றுச் சொச்சம் ஆமைகளில் ஐந்து இந்த இனம். ஆக, கடத்தல் பாதை நம் வாசல் வழியாகத்தான் போகிறது. காவலாள் வைத்த நிலையத்துக்கே அந்தக் கதி என்றால், இரவில் நாய் மட்டும் இருக்கும் டுரியான் தோட்டத்தைப் பற்றி என்ன சொல்ல?

கடைசியாக வயது. இந்த ஆமை முட்டையிடும் பருவத்துக்கு வரப் பதினைந்து வருஷம் ஆகலாம். மச்சானுக்கு இப்போது அறுபது. இன்று குட்டி வாங்கினால், முதல் முட்டையைப் பார்க்கும்போது அவருக்கு எழுபத்தைந்து. ஆமைக்கு அப்போதுதான் இளமை. அக்கா மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். உயிலில் வீடு, நிலத்தோடு இருபது கிலோவில் ஆறு ஆமைகளும் என்று எழுதினால் அவன் என்ன செய்வான்?

நட்சத்திர ஆமைக்கு இவ்வளவு பேச வேண்டியதில்லை. சின்னது, அழகானது, வெயில் தாங்கும், தமிழ்நாட்டுக் காரணத்தால் நமக்கு ஒரு பாசமும் உண்டு. சென்னையிலிருந்து வரும் விமானப் பெட்டிகளில் இது சிக்கிய செய்தியை எத்தனை தடவை படித்திருப்போம்! எதிர்ப்பக்கமாக இங்கிருந்து சிவப்புக் காது ஆமைக் குட்டிகள் திருச்சிக்கும் சென்னைக்கும் போய்ப் பிடிபடுகின்றன. காப்பி, முறுக்கு கொண்டுபோகும் அதே விமானங்கள். 2019இல் நட்சத்திர ஆமை, வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலுக்கு ஏறிவிட்டது. காட்டில் பிடித்ததை நாடு விட்டு நாடு விற்பதற்கு இனி வழியே இல்லை. இங்கே அதை வளர்த்துப் பெருக்கினால் குஞ்சுக்குப் போக மலேசியாவில் ஒரு புதர்கூடக் கிடையாது, அதன் ஊர் இது இல்லை. திருப்பி அனுப்பவே முடியாதா என்றால் முடியும். 2018இல் சிங்கப்பூரில் மீட்கப்பட்ட 51 நட்சத்திர ஆமைகள் கர்நாடகாவுக்குப் பறந்தன. ஆனால் அது இரண்டு நாட்டு அதிகாரிகளும் மீட்பு அமைப்புகளும் சேர்ந்து செய்த வேலை. தனி ஆள் வளர்த்தவை விற்பனைக்குத்தான் போகும். விற்பனை கூடினால் ஆசை கூடும், ஆசை கூடினால் ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் மூட்டை கட்டுவது கூடும்.

கோயில் குளமா? ஆயர் ஈத்தாம் கெக் லோக் சி கோயிலின் ஆமைக் குளத்தைப் பார்க்காத பினாங்குக்காரர் இருக்க மாட்டார். கீரைக் கட்டு வாங்கி ஒவ்வொரு தண்டாகப் போட்டால், ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிக் கழுத்தை நீட்டும். சின்ன வயதில் எனக்கும் பிடித்த இடம். ஆனால் விடுதலை என்று சொல்லிக் குளங்களிலும் ஆறுகளிலும் விடப்படுபவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவைச் சேர்ந்த சிவப்புக் காது ஆமை. உள்ளூர் ஆமைகளின் இடத்தையும் தீனியையும் அது பிடித்துக்கொள்ளும். நில ஆமையைத் தண்ணீரில் விட்டால் மூழ்கிச் சாகும், அதையும் செய்கிறார்கள். ஒரு ஆமையை விடுவதற்காக வாங்கினால், கடைக்காரர் அந்த இடத்தை நிரப்ப இன்னொன்றைப் பிடித்துவரச் சொல்வார். அவ்வளவுதான் இதில் பேச இருக்கிறது.

ஹுலு கெலாங்கில் 1963இல் திறந்த தேசிய மிருகக்காட்சிசாலையான ஸூ நெகாரா, அரசு நடத்துவதாகப் பலர் நினைத்தாலும், லாப நோக்கம் இல்லாத ஒரு சங்கம் நடத்துவது. விலங்குகளைத் தத்தெடுக்கும் திட்டம் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஆமையை நேரில் காட்ட, கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு நல்ல வழி. ஆனால் அங்கே போடும் பணம் பெரும்பாலும் தீனிக்கும் பராமரிப்புக்கும் போகும். தப்பில்லை, அதுவும் தேவை. குஞ்சு எங்கே போய்ச் சேரும் என்ற என் கேள்விக்கு மட்டும் அது பதில் இல்லை.

மிஞ்சியிருப்பது ஆறு.

ஆற்றாமை என்று நான் இங்கே சொல்வது மலாயில் துந்தோங் எனப்படும் பெரிய நன்னீராமை. நில ஆமை இல்லை. மச்சானின் முதல் ஆட்சேபமே அதுதான். ஆனால் இதுவும் அதே மிக ஆபத்தான நிலையில் இருப்பது, நம் நாட்டு ஆற்றில் இன்னும் முட்டையிட வருவது. கழிமுகத்தில் சதுப்புநிலப் பழங்களைத் தின்று வாழ்ந்து, காலம் வந்ததும் ஆற்றை எதிர்த்து நீந்தி மணல்திட்டுக்கு வரும். இரவில் முட்டையிட்டு மூடியபின், உடம்பைத் தூக்கித் தூக்கி மணலில் அடித்து இறுக்கும். அமைதியான இரவில் அந்தத் தட்டல் சத்தம் கரை தாண்டிக் கேட்கும். ஒரு காலத்தில் பேராக் ஆற்றில் இந்த முட்டைகள் அரச குடும்பத்தின் தனி உரிமையாக இருந்தன.

பேராக்கில் போத்தா கானான் என்ற இடத்தில் பெர்ஹிலித்தான் அரை நூற்றாண்டாக ஒரு பொரிப்பகம் நடத்துகிறது. பட்டர்வொர்த்திலிருந்து கிளம்பினால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். முட்டைகளை எடுத்துப் பொரிக்க வைத்து, குஞ்சுகளைக் கொஞ்சம் வளர்த்து ஆற்றில் விடுவது முறை. ஆயிரக்கணக்கில் விட்டும், பேராக் ஆற்றில் முட்டையிட வரும் பெண்கள் பழைய அளவுக்குத் திரும்பவே இல்லை. மேலே அணைகள், கீழே மணல் அள்ளுதல், நடுவில் மீன்வலைகள். ஆறு அப்படியே இருக்கக் குஞ்சுகளை மட்டும் விட்டுக்கொண்டிருப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது.

பொரிப்பகம் தன்னளவிலேயே எளிதான வேலையும் இல்லை. முட்டையை எடுக்கும்போது எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கம் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போடுவார்கள், புதைக்கும்போதும் அதே பக்கம் மேலே. இட்டுச் சில மணி நேரத்திலேயே கரு ஓட்டின் உள்தோலில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் புரட்டினால் கரு செத்துவிடும். சூடும் முக்கியம். பெரும்பாலான நில ஆமைகளுக்கும் ஆற்றாமைகளுக்கும் ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பம் முடிவு செய்கிறது. சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். நிழலில் வசதியாக வைத்துவிட்டால் வருஷக்கணக்கில் ஆண்களாகவே பொரித்து விட்டுக்கொண்டிருக்கும் அபாயம் உண்டு, பெரியதாகும் வரை வெளிப்பார்வைக்கு யாருக்கும் தெரியாது. மச்சான் வீட்டுக் கொல்லையில் ஒரு பெட்டி வைத்துப் பொரிக்கலாம் என்று சொல்வதற்கு நான் தலையசைக்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிழக்குக் கரையில், திரங்கானுவில் நடப்பது எனக்கு அதிகம் பிடிக்கிறது. 2011இல் கடலாமை ஆய்வாளர் சான் எங் ஹெங்கும் அவருடைய மாணவி சென் பெல்ஃப் நியோக்கும் சேர்ந்து மலேசிய ஆமைப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். கெமாமான் ஆற்றோரம் கம்போங் பாசிர் காஜா என்ற கிராமத்தில் அவர்கள் பிடித்தது ஆட்களை. பரம்பரையாக இந்த முட்டையைப் பொறுக்கித் தின்றவர்கள், விற்றவர்கள். எந்தத் திட்டில் எந்த இரவில் ஆமை ஏறும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் தெரியாது. அவர்களே இப்போது முட்டையைக் காக்கிறார்கள். கிராமத்துப் பிள்ளைகள் குஞ்சு விடுவதற்கு வந்து நிற்கிறார்கள். வலையில் பெரிய ஆமை மாட்டினால் அறுத்து விடும் மீனவர் அந்த ஊரிலிருந்துதானே வர வேண்டும். நூறு குஞ்சில் பெரியதாகிறவை ஒன்றிரண்டுதான், பல பத்தாண்டு முட்டையிடும் ஒரு தாய் ஆமையைக் காப்பாற்றுவது அதைவிடப் பெரிய லாபம்.

இங்கே குறையே இல்லையா? இருக்கிறது. ஆமை உங்கள் கையில் இருக்காது. பேர் வைக்க முடியாது, மாலையில் தீனி போட முடியாது. கொடுத்த பணம் எந்தக் குஞ்சாக நீந்துகிறது என்று காட்ட யாராலும் முடியாது. மணல் லோரிகளை நிறுத்துவதும் கிராமத்தால் ஆகிற காரியமில்லை, அது மாநில அரசின் கையில். பினாங்கிலிருந்து கெமாமான் தூரம் வேறு, கோலாலம்பூர்க்காரர்களுக்கு நாலு மணி நேரக் கார்ப்பயணம், நமக்கு ஒரு நாள் முழுக்க. ஓய்வு பெற்ற மனுஷனுக்குத் தினசரி ஒரு வேலை வேண்டும் என்பதையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனாலும் குஞ்சு எங்கே போகும் என்ற கேள்விக்கு நேராகப் பதில் இருப்பது இந்த ஒரு வழியில்தான். பொரித்த இடத்திலிருந்து நாலு அடி எடுத்து வைத்தால் அதன் ஆறு.

ஆகவே மச்சானுக்கு நான் சொன்னது இது. சுவர் கட்ட ஒதுக்கிய பணத்தின் பெரும்பகுதியை ஆற்றுக்குக் கொடுங்கள். ஒரே தடவையாக இல்லாமல் வருஷா வருஷம் பிரித்துக் கொடுங்கள், ஏனென்றால் காவல் சம்பளம் வருஷா வருஷம் வேண்டும். கொடுக்கும் முன் மூன்று விஷயம் கேளுங்கள்: முட்டைகளின் சூட்டை அளந்து எழுதி வைக்கிறார்களா, விட்ட குஞ்சுகளுக்கு அடையாளம் போடுகிறார்களா, திரும்பி வரும் பெண்களை எண்ணுகிறார்களா. விட்ட எண்ணிக்கையை மட்டும் பெருமையாகச் சொல்லும் இடமாக இருந்தால் பணப்பையை மூடிவிடுங்கள்.

தோட்டத்தை என்ன செய்வது? கடையில் வாங்கி வளர்க்க வேண்டாம், அதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. ஆனால் பெர்ஹிலித்தானுக்கு ஒரு கடிதம் எழுதலாம்: நிழலும் ஓடையும் உள்ள நிலம் இருக்கிறது, பறிமுதல் செய்த ராட்சத ஆமைகளை வைக்க இடம் தேவைப்பட்டால், துறையின் மேற்பார்வையில், துறையின் சொத்தாகவே வைத்துப் பராமரிக்கத் தயார் என்று. ஊர் தெரிந்த ஆமைகள், வைத்தியப் பரிசோதனை, யாருக்கும் விற்க முடியாத காகிதம் என்று எல்லாம் அவர்கள் பக்கத்திலிருந்து வந்தால், அப்போது சுவர் கட்டலாம். சரி என்று சொல்வார்களா? வாய்ப்பு குறைவுதான். எழுதுவதில் தபால் செலவைத் தவிர நஷ்டம் இல்லை.

மச்சான் பாதி ஒத்துக்கொண்டிருக்கிறார். கடிதத்தை மலாயில் எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. கெமாமானில் ஆமைகள் திட்டில் ஏறுவது வருஷத் தொடக்க மாதங்களில் என்பதால், தண்ணீர்மலைத் தைப்பூசம் முடிந்த அடுத்த வாரம் காரில் கிளம்பிப் போய், பணம் கொடுக்கும் முன் அந்த மூன்று கேள்விகளையும் அவரே நேரில் கேட்டு வருவதாக ஏற்பாடு.